தோள் யாருடையது?

2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதக் கடைசியில் ஒரு மாலை, என் அக்காள் மகனும் நானும் முக்கொம்புக்குச் சென்றிருந்தோம். அந்நாள்களில் திருச்சியில் பாதிப்பேர் அங்கேதான் போய்க்கொண்டிருந்தார்கள். 22-ஆம் நாள் இரவு, கொள்ளிடத்தின் குறுக்கே நின்ற மேலணையின் 45 மதகுகளில் 9 மதகுகள் இடிந்து ஆற்றோடு போய்விட்டன. காவிரியைக் காட்டிலும் கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்தது. தடுப்பாரின்றி விட்டால் நீரெல்லாம் அந்தப் பக்கமே ஓடித் தஞ்சை வயல்கள் காய்ந்துபோகும். அதைத் தடுக்கவே 1836-க்கும் 1838-க்கும் இடையில் சர் ஆர்தர் காட்டன் அந்த அணையை எழுப்பினார். ஏறக்குறைய 180 ஆண்டுகள் வெள்ளத்துக்குத் தோள் கொடுத்து நின்ற கட்டடம், இடையில் பல் விழுந்த வாய்போலக் கிடந்தது.

கூட்டத்தில் அவரவர்க்குத் தோன்றிய காரணத்தை அவரவர் பேசிக்கொண்டிருந்தார்கள். மணல் அள்ளியதால் என்றார் ஒருவர். பராமரிப்பு இல்லை என்றார் மற்றொருவர். என் அக்காள் மகன் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னான்: "ஒரே ராத்திரியில உடைஞ்ச மாதிரி தெரியுது. ஆனா ஒரே ராத்திரியில உடைஞ்சிருக்காது, இல்ல மாமா?"

அவனுடைய இடக்கை, அவனை அறியாமலே, வலத்தோளைத் தடவிக்கொண்டிருந்தது. நான் விடை சொல்லவில்லை. அவன் அணையைப் பற்றித்தான் பேசினானா என்பது எனக்கு இன்றும் தெரியாது. ஆனால், சொல்ல வேண்டிய விடை ஒன்று பதினைந்து ஆண்டுகளாக என்னிடம் இருந்தது. அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

2003-ஆம் ஆண்டு பிப்ரவரி 22-ஆம் நாள், தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரில் உலகக் கோப்பைப் போட்டி ஒன்று நடந்தது. இங்கிலாந்துக்கு எதிராகப் பாகிஸ்தானின் சோயப் அக்தர் வீசிய ஒரு பந்தின் வேகம் மணிக்கு 161.3 கிலோமீட்டர் என்று தொலைக்காட்சித் திரையில் எண் விழுந்தது. நூறு மைல் என்ற எல்லையைத் தாண்டிய பந்து. எங்கள் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து அதைப் பார்த்த என் அக்காள் மகனுக்கு அப்போது பதினாறு வயது. அந்தப் பந்தில் விக்கெட் விழவில்லை. மட்டையாளர் அதைத் தட்டிவிட்டு நின்றார். ஆயினும், விக்கெட்டுகளையெல்லாம் மறந்துவிட்ட உலகம் அந்த எண்ணை மட்டும் இன்றுவரை மறக்கவில்லை. பையனும் மறக்கவில்லை.

அவ்வாண்டு ஆறு வறண்டிருந்தது. முக்கொம்பை ஒட்டிய மணலில் காலையும் மாலையும் ஓடுவான், கார்க் பந்தை எடுத்து வீசுவான், மீண்டும் ஓடுவான். அவன் கையைச் சாட்டை என்பார்கள். அவன் படித்த பள்ளியில் பயிற்சியளித்தவர், மாவட்டத்தில் இப்படியொரு வேகம் இல்லை என்று என்னிடமே சொன்னார். அதைக் கேட்டு அவனைவிட நான்தான் அதிகமாக மகிழ்ந்தேன்.

மார்ச்சு மாத நடுவில் அவனுக்குத் தோள் வலிக்கத் தொடங்கியிருக்கிறது. தாயிடம் சொல்லவில்லை, சொன்னால் பந்தைப் பிடுங்கி வைத்துவிடுவாள். மூன்று வாரம் கழித்து, ஒரு கோடைப் போட்டியின் இறுதி ஆட்டத்துக்கு முதல் நாள் இரவு, என்னிடம் வந்தான். "தலைக்கு மேல கை தூக்கினா சுருக்குன்னு இழுக்குது மாமா. நாளைக்கு ஆடட்டுமா, வேண்டாமா?" என்று கேட்டான். அது தவக்காலம். நான் அவனுக்கு ஒறுத்தலைப் பற்றிப் பேசினேன். பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில் பந்தய வீரரை எடுத்துக்காட்டித் தம் உடலைத் தாம் அடக்கி ஆள்வதாகச் சொல்லும் பகுதியை நினைவூட்டினேன். "இந்த வலியை ஆண்டவருக்கு ஒப்புக்கொடு" என்றேன். பிறகு வலிக்கான மாத்திரை இரண்டைக் கொடுத்தேன்.

மறுநாள் அவர்கள் வென்றார்கள். கடைசி ஓவருக்கு முந்தைய ஓவரில் அவன் தோளில் ஏதோ அறுந்தாற்போல் இருந்தது என்று பின்னர் சொன்னான். அதற்குப் பிறகும் நான்கு பந்துகள் வீசினான். வெற்றி பெற்ற பிள்ளைகள் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடினார்கள். அவன் அழுதான். ஆனந்தக் கண்ணீர் என்று எண்ணி நானும் கை தட்டினேன்.

மூட்டின் விளிம்பிலுள்ள குருத்தெலும்பு கிழிந்திருப்பதாக மருத்துவர் சொன்னார். அவனால் அதற்குப் பின் வேகமாகப் பந்து வீச முடியவில்லை. இன்றும் அவன் இடப்பக்கம் சாய்ந்துதான் உறங்குகிறான்.

தோளைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். இடுப்பு மூட்டு, ஆட்டுரலின் குழியில் அமர்ந்த குழவியைப்போல ஆழப் பதிந்தது, எளிதில் அசையாது. தோள் மூட்டோ, சிறு தட்டின்மேல் வைத்த எலுமிச்சம்பழம் போன்றது. குழி ஆழமற்றது. அதனால்தான் கை எத்திசையிலும் சுழல்கிறது. அதனால்தான் அது எளிதில் நழுவவும் செய்கிறது. சுற்றியுள்ள நான்கு சிறு தசைகளும் அவற்றின் நாண்களும், குழியின் விளிம்பிலுள்ள குருத்தெலும்பும் சேர்ந்தே அந்தப் பழத்தைத் தட்டில் நிறுத்தி வைக்கின்றன.

வேகம் தோளிலிருந்து பிறப்பதாக நாம் நினைக்கிறோம். அப்படியன்று. ஓடி வரும் ஓட்டத்தில் அது பிறக்கிறது. முன்கால் வளையாமல் ஊன்றும்போது, ஓடி வந்த விசை உடலின் வழியே மேலேறுகிறது. முதுகும் இடுப்பும் முன்னே வளைந்து அதைக் கடத்துகின்றன. எல்லாவற்றுக்கும் பின்னால், சற்றே தாமதித்துத்தான் கை சுழன்று வருகிறது. உடம்பெல்லாம் சேர்த்த விசையைத் தோள் கடைசியாக வாங்கிப் பந்துக்குக் கொடுக்கிறது. பந்து போய்விடும், சுழன்ற கையோ நிற்க வேண்டும். அதை நிறுத்தும் பொறுப்பும் தோளின் பின்புறத்துச் சிறு தசைகளுக்கே வந்து சேர்கிறது. யாரும் கை தட்டுவது பந்துக்காக. கையை நிறுத்திய தசைக்காக அல்ல. வேகப்பந்து வீச்சாளர்கள் பெரும்பாலும் முதுகும் காலும் நொந்தே ஆட்டத்தை விடுகிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் தோள் போனவனுக்கு ஆட்டம் மட்டும் போவதில்லை. சட்டை மாட்டுவதும் குழந்தையைத் தூக்குவதும் கடினமாகிவிடும்.

இனி, என்னை உறுத்தும் கேள்விக்கு வருகிறேன். வலியைத் தாங்குவது நற்பண்பா?

நற்பண்பே என்றுதான் நாம் வளர்க்கப்பட்டோம். சிலுவைப்பாதையில் முழங்காலிட்டு வளர்ந்த நமக்கு, வலி என்றால் வீண் என்று சொல்ல நா எழாது. அது சரியும்கூட. மகப்பேற்று வலியையோ, நோயாளிக்காகக் கண்விழிக்கும் செவிலியின் சோர்வையோ வீண் என்று யார் சொல்வார்? ஆயினும், அந்த இரவில் நான் செய்ததை எண்ணிப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகிறது. ஒருவன் தன்னுடையதைத்தான் ஒப்புக்கொடுக்க முடியும். நான் ஒப்புக்கொடுத்தது அவனுடைய தோளை. பவுலடியார் அடக்கி ஆண்டது தம் உடலையே அன்றி, மருமகன் உடலை அன்று. மேலும், அதே திருமுகத்தில் அந்தப் பகுதிக்கு மூன்று அதிகாரங்களுக்கு முன்னால் உடலைத் தூய ஆவியின் கோயில் என்கிறார் அவர். நான் ஒன்பதாம் அதிகாரத்தைத் திறந்தேன். ஆறாம் அதிகாரத்தைத் திறக்கவில்லை. நமக்கு வேண்டிய அதிகாரம் எப்போதும் தானாகவே திறந்துகொள்கிறது.

அவனே விரும்பித்தானே ஆடினான் என்று அக்காள் கணவர் என்னைத் தேற்றினார். பதினாறு வயதுப் பையன் தன் மாமனிடம் வந்து கேட்டது ஆடுவதற்கான அனுமதியையா, ஆடாமலிருப்பதற்கான அனுமதியையா? இப்போது எண்ணினால் இரண்டாவது என்றே படுகிறது. 'வேண்டாம்' என்று பெரியவர் ஒருவர் சொல்லிவிட்டால், அவன் தோழரிடம் கோழையாகாமல் வீட்டில் இருந்திருப்பான். அந்தச் சொல்லை இரவல் வாங்கத்தான் வந்தான். நான் கொடுத்தது வேறு.

முதிர்ந்த மனிதர்கள் நிலை வேறு என்பதை மறுக்கமாட்டேன். தென்னாப்பிரிக்காவின் டேல் ஸ்டெய்னை எடுத்துக்கொள்வோம். நம் காலத்து வேகப்பந்து வீச்சாளருள் தலையானவர். 2015 டிசம்பரில் டர்பனில் இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்டில் அவருடைய வலத்தோள் நொந்தது. ஓய்வெடுத்தார், மீண்டு வந்தார். 2016 நவம்பர் 4-ஆம் நாள் பெர்த் நகரில், 97 ஓட்டங்களில் நின்ற டேவிட் வார்னரை ஆட்டமிழக்கச் செய்த சிறிது நேரத்திற்கெல்லாம் அதே தோளைப் பிடித்துக்கொண்டு மைதானத்தைவிட்டு வெளியேறினார். தோள் எலும்பு முறிந்திருந்தது. அப்போது அவர் கையில் 417 விக்கெட்டுகள். தம் நாட்டவரான ஷான் பொல்லாக்கின் 421-ஐத் தாண்ட ஐந்தே ஐந்துதான் வேண்டும். அந்த ஐந்துக்கு 2018 டிசம்பர் வரை காத்திருக்க நேர்ந்தது. 439 விக்கெட்டுகளோடு 2019 ஆகஸ்டில் டெஸ்ட் ஆட்டத்திலிருந்து விலகினார். பெர்த்தில் பந்தை எடுத்தபோது அவருக்கு வயது 33. தன் தோள் எப்படிப்பட்டது என்பதை அவர் அறிவார். மருத்துவரும் பயிற்சியாளரும் உடனிருந்தார்கள். ஈட்டிய புகழும் பொருளும் அவருடையவை. அவர் துணிந்தது தவறென்று சொல்ல எனக்கு உரிமையில்லை. துணிவே கூடாதென்றால் ஆட்டமும் இல்லை, மலையேற்றமும் இல்லை, மறைபோதகரின் கடற்பயணமும் இல்லை.

ஆனால் இங்கே வேறொரு நினைவு குறுக்கிடுகிறது. விடியற்காலை மூன்று மணிக்குத் திருச்சி காந்தி மார்க்கெட் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பார்கள். லாரியிலிருந்து வெங்காய மூட்டைகளைச் சுமைதூக்கும் தொழிலாளர் தோளிலும் முதுகிலும் வாங்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போவார்கள். அவர்களுடைய தோள்களும் தேய்கின்றன. அவை தேய்வதைப் படம் பிடிக்க ஒரு கருவியும் இல்லை. அவர்கள் வேகத்தைத் திரையில் எண்ணாகக் காட்டுவாரும் இல்லை. வீச்சாளரின் தோளுக்காக ஏடுகள் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. நானும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். மூட்டை தூக்குபவர் வலியைத் தாங்குவது வீட்டில் உலை கொதிக்க வேண்டும் என்பதற்காக. என் அக்காள் மகன் தாங்கியது ஒரு கோப்பைக்காகவும், அதைவிட மேலாக என் முகத்தில் தோன்றும் பெருமைக்காகவும். முதலாவது வலியை நாம் குறைக்க வழி தேட வேண்டும். இரண்டாவது தோன்றியிருக்கவே வேண்டியதில்லை.

வேகத்தை விட்டுக்கொடுத்தவர்கள் கதையையும் நாம் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. முத்தையா முரளிதரனின் பாட்டனார் 1920-இல் தமிழ்நாட்டிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். முதுமையில் பெண்மக்களோடு நம் திருச்சிக்கே திரும்பிவந்து வாழ்ந்தார். பேரன் படித்தது கண்டியை அடுத்த கட்டுகஸ்தோட்டையில், பெனடிக்டின் துறவியரின் பராமரிப்பில் வளர்ந்த புனித அந்தோனியார் கல்லூரியில். தொடக்கத்தில் அவர் மிதவேகப் பந்து வீச்சாளர். அவருக்குப் பதினான்கு வயதாயிருந்தபோது, பள்ளிப் பயிற்சியாளர் சுனில் பெர்னாண்டோ அவரைச் சுழற்பந்துக்கு மாறச் சொன்னார். ஓடி வருவதைக் குறைத்துக்கொள் என்று ஒரு சிறுவனிடம் சொல்வது எளிதன்று. அந்த வயதில் வேகமே ஆண்மை. சொன்னவருக்குக் கண் இருந்தது. கேட்டவருக்குப் பணிவு இருந்தது. அதன் பயன் 133 டெஸ்டுகளில் 800 விக்கெட்டுகள்.

சுழற்பந்து தோளைக் காப்பாற்றிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. டெஸ்ட் ஆட்டங்களில் மட்டும் 44,039 பந்துகள் வீசிய தோள் அது. 2004-இல் அதற்கும் அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. அவர் ஓய்விலிருந்த அந்த அக்டோபரில்தான் ஆஸ்திரேலியாவின் ஷேன் வார்ன், சென்னைச் சேப்பாக்கத்தில், முரளிதரனின் 532 விக்கெட்டுகளைத் தாண்டிச் சென்றார். வார்னும் 1998-இல் தோள் அறுவைக்கு ஆளானவரே. போட்டியாளர் முன்னே செல்வதைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பது எத்தகைய ஒறுத்தல்! நான் தவக்காலத்தில் கற்பித்த ஒறுத்தலைவிட இது கடினமானது. ஏனெனில் இதற்குக் கைதட்டு இல்லை. முரளிதரன் 2005-இல் திரும்பி வந்தார். 2007 டிசம்பர் 3-ஆம் நாள், தம் ஊராகிய கண்டியில், அந்தச் சாதனை மீண்டும் அவர் கைக்கு வந்தது.

நம் நாட்டு ஜாகீர்கானும் இவ்வகையினரே. அணியிலிருந்து நீக்கப்பட்டு, 2006-இல் இங்கிலாந்தின் வூஸ்டர்ஷயர் அணிக்கு ஆடச் சென்றபோது ஓட்டத்தைச் சுருக்கிக்கொண்டு 78 விக்கெட்டுகள் வீழ்த்தினார். 2009-இல் தோள் அறுவை. 2011-இல் இந்தியா உலகக் கோப்பையை வென்றபோது அவர் பெயரில் 21 விக்கெட்டுகள். திரையில் விழுந்த வேகம் எத்தனை என்று யாருக்கும் நினைவில்லை.

ஆகவே, குற்றம் வேகத்தினுடையதன்று. வேகம் அழகானது. ஓர் இளைஞன் ஓடி வந்து, உடம்பு முழுவதையும் ஒரே வில்லாக வளைத்துப் பந்தை விடுவதைக் காணும்போது படைத்தவரைப் புகழத் தோன்றும். குற்றம் நம் கண்களினுடையது. எண் திரையில் விழத் தொடங்கியதிலிருந்து நாம் பந்தைப் பார்ப்பதில்லை, எண்ணைப் பார்க்கிறோம். 2024-இல் மயங்க் யாதவ் என்ற இளைஞர் 156.7 கிலோமீட்டர் வேகத்தில் வீசியபோது நாடே எழுந்து நின்றது. பிறகு காயங்களால் அவர் மாதக்கணக்கில் ஆடாமல் இருந்தபோது, நின்றவர்களில் எத்தனை பேர் அவரை விசாரித்தார்கள்?

ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு என் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. ஒரே ஆட்டத்தில் 50 ஓவர்களுக்கு மேல் வீசிய வேகப்பந்து வீச்சாளர்களுக்கு, அதை அடுத்த 21 நாள்களில் காயமுறும் வாய்ப்பு கூடியிருந்தது. அதாவது, சுமை ஏறிய நாளில் ஒன்றும் தெரிவதில்லை. வீரன் சிரித்துக்கொண்டே வீடு திரும்புகிறான். கணக்கு பிறகு வருகிறது. முக்கொம்பிலும், வெள்ளம் வந்த முதல் நாளில் மதகுகள் போய்விடவில்லை. இலட்சக்கணக்கான கன அடி நீர் பல நாள் பாய்ந்த பின்னரே, ஓர் இரவில் போயின. அக்காள் மகன் கேட்டது சரியான கேள்வி. மூன்று வாரமாக உடைந்துகொண்டிருந்ததை ஓர் ஓவரில் உடைந்ததாக நானும் அன்று எண்ணியிருந்தேன்.

இதையெல்லாம் அவனிடம் இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் வாய்விட்டுச் சொன்னேன். மாத்திரையைப் பற்றியும், தவக்காலப் பேச்சைப் பற்றியும். "அன்னைக்கு நான் உன்னைத் தடுத்திருக்கணும்பா" என்றேன். அவன் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீங்க தடுத்திருந்தா அப்ப உங்ககூட ஒரு வருஷம் பேசியிருக்கமாட்டேன் மாமா" என்று சிரித்தான். அது மன்னிப்பா, வேறொன்றா என்று நான் கேட்கவில்லை.

அவனுடைய மகனுக்கு இப்போது பதினொரு வயது. யாரும் சொல்லித்தராமலே ஓடி வந்து வீசுகிறான். தகப்பனின் அதே சாட்டைக் கை. பந்து வீசட்டுமா என்று அவன் கேட்டபோது தகப்பன் என் முகத்தைப் பார்த்தான். வீசட்டும் என்றேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு என்ன தகுதி? ஆனால் சனிக்கிழமை மாலைகளில் நானும் உடன் போகிறேன். பதின்மூன்று வயதுக்குட்பட்டோர் ஒரே மூச்சில் ஐந்து ஓவர்களுக்கு மேல் வேகமாக வீசலாகாது என்று இங்கிலாந்து வாரியம் வகுத்திருந்த வரம்பு ஒன்றை எங்கோ படித்தேன். அதைப் பிடித்துக்கொண்டேன். மணலில் துண்டை விரித்து அமர்ந்து, ஓவருக்கு ஒன்றாகக் கூழாங்கல்லை எடுத்து வைக்கிறேன்.

சென்ற வாரம் ஐந்தாவது கல்லை வைத்ததும் எழுந்தேன். பையன் முகம் வாடியது. "தாத்தா, இன்னும் ஒரே ஒரு ஓவர். எனக்குக் கை வலிக்கவே இல்ல" என்றான். வலிக்காதபோதே நிறுத்த வேண்டும் என்பதை ஒரு பதினொரு வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை. கல்லை எல்லாம் திரட்டி ஆற்றில் போட்டுவிட்டுப் பந்தை என் பைக்குள் வைத்துக்கொண்டேன். பேருந்து நிறுத்தம் வரையில் அவன் என்னோடு பேசவில்லை.